கால் அடி நெருக்கம்

பால் சொசைட்டியில் தன் முறை வந்ததும் வைத்திலிங்கம் தூக்குவாளியிலிருந்த பாலில் முக்கால் பங்கை மட்டும் ஊற்றிவிட்டு மூடியைப் போட்டுக்கொண்டார்.

"என்னா மாமா, மிச்சத்த வூட்டுக்கு எடுத்துக்கிட்டுப் போறீங்க? விருந்தாளியா?" பின்னால் நின்ற பட்டம்மாள் கேட்டாள்.

"இன்னிக்கு வியாழக்கிழமைம்மா. தம்பி வருமில்ல?"

"அந்த மக்காச்சோளத் தம்பியா? நல்லா கவனிங்க, நல்லா கவனிங்க" என்று சிரித்தபடி அவள் தன் பாலை ஊற்றப் போனாள். வைத்திலிங்கமும் சிரித்தார். வாரத்தில் மற்ற ஆறு நாளும் அந்த முகத்தில் சிரிப்பைப் பார்த்தவர்கள் குறைவு.

புவனகிரியைத் தாண்டி வெள்ளாற்றங்கரையை ஒட்டிய ஊர் அது. வைத்திலிங்கத்துக்கு அங்கே ஒன்றேகால் ஏக்கர் நிலம், ஒரு போர்வெல், ஒரு கறவை மாடு, மாடி வைத்த வீடு. மனைவி சௌந்தரம் போய் மூன்று வருடம் ஆகிறது. ஒரே மகன் செந்தமிழ்செல்வன் பெங்களூரில் கம்பெனி வேலையில் இருந்தான். மாதாமாதம் பணம் அனுப்பினான், ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போன் செய்தான். சாப்பிட்டீங்களா, மாத்திரை போட்டீங்களா, வேற ஒண்ணுமில்லியே என்று கேட்பான். வேறு ஒன்றுமில்லை என்று இவர் சொல்லி முடிப்பதற்குள் அங்கே குழந்தை அழும், அல்லது யாராவது கூப்பிடுவார்கள்.

வீட்டில் டிவி ஓடிக்கொண்டே இருக்கும். அவர் அதைப் பார்ப்பதில்லை. உள்ளே ஏதாவது ஒரு பேச்சுக்குரல் கேட்டுக்கொண்டிருக்கட்டும் என்று போட்டு வைப்பார். மாட்டிடம் பேசுவார். அது தலையாட்டும், ஈயை விரட்டத்தான். ஆனாலும் பேச்சுக்கு ஒரு தலை ஆடுகிறதே என்று அவர் தொடர்ந்து பேசுவார்.

ஊர்க்காரர்களைக் குறை சொல்ல முடியாது. கல்யாணம் காட்சி என்றால் முதல் பத்திரிகை அவருக்குத்தான் வரும். ஆனால் சும்மா ஒரு நாள் அவர் வீட்டுக்குள் எட்டிப் பார்த்தவர் யாருமில்லை. "அவருக்கென்னப்பா, புள்ளை கை நிறைய சம்பாதிக்கிறான், மாடி வூடு இருக்கு" என்பார்கள். அவருக்கென்ன, அவருக்கென்ன என்று சொல்லிச் சொல்லியே மொத்த ஊரும் அவரைத் தனியாக விட்டிருந்தது.

அப்படி இருந்தவரிடம்தான், சம்பா அறுவடை முடிந்த தை மாதக் கடைசியில், செம்பியன் வந்து சேர்ந்தான். கடலூர்ப் பக்கம் குடிகாடு என்ற ஊர்ப் பையன். விவசாயம் படித்துவிட்டு, ஒரு தீவன ஆராய்ச்சித் திட்டத்தில் சேர்ந்து, சிதம்பரத்தில் அறை எடுத்துத் தங்கியிருந்தான். பழைய மோட்டார் சைக்கிளில் ஊர் ஊராக அலைவதுதான் உத்தியோகம்.

அந்தப் பக்கத்தில் ஒரு பழக்கம் உண்டு. மாட்டுத் தீவனத்துக்குச் சோளம் விதைக்கிறவர்கள் கை கொள்ளாமல் அள்ளி நெருக்கமாகத் தூவுவார்கள். நெருங்கி முளைத்தால் தண்டு மெலிந்து வரும். மெலிந்த தண்டை மாடு மிச்சம் வைக்காமல் தின்னும். சோளத்துக்கு அது சரிதான். மக்காச்சோளத் தீவனம் புதிதாக வந்தபோதும் ஜனங்கள் அதே கையால் அதே மாதிரி தூவினார்கள். அது சரியா தப்பா, எவ்வளவு நெருக்கினால் எவ்வளவு தீவனம் வரும், வருகிற தீவனத்தில் சத்து எவ்வளவு நிற்கும் என்று கண்டுபிடிக்கத்தான் செம்பியன் வந்திருந்தான். தண்ணீர் வசதியுள்ள துண்டு நிலம் வேண்டும் என்று அவன் சொசைட்டியில் கேட்டபோது, கூட்டத்தில் முதலில் கை தூக்கியவர் வைத்திலிங்கம்.

நிலத்தை மூன்று துண்டாகப் பிரித்தார்கள். மூன்றிலும் வரிசைக்கு வரிசை ஒரு அடி. செடிக்குச் செடி மட்டும் முதல் துண்டில் முக்கால் அடி, நடுத்துண்டில் அரை அடி, கடைசித் துண்டில் கால் அடி. மாசி பிறந்ததும் விதைத்தார்கள்.

அதிலிருந்து ஒவ்வொரு வியாழனும் செம்பியன் வந்தான். உயரம் அளப்பான், இலை எண்ணுவான், தண்டின் பருமனைப் பார்ப்பான். வேலை முடிந்ததும் மோட்டார் கொட்டகை நிழலில் உட்கார்ந்து டீ குடிப்பான். எந்த உரம் போட்டீங்க, மாடு எத்தனை லிட்டர் கறக்குது, இந்த மண்ணு எப்படி என்று கேட்பான். பதில் முழுவதையும் காது கொடுத்துக் கேட்பான். சௌந்தரம் செய்யும் மொச்சைக் குழம்பைப் பற்றி வைத்திலிங்கம் ஒருநாள் சொல்லப் போக, "எங்க அம்மாவும் வைப்பாங்க ஐயா, அதுல கருவாடு போடுவாங்க" என்று அவன் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசிவிட்டுப் போனான். அடுத்த வியாழன் வைத்திலிங்கம் கருவாடு வாங்கி வைத்திருந்தார். குழம்பில் உப்பு தூக்கல். பையன் இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டான்.

இப்படி ஒருநாள் பேசிக்கொண்டிருந்தபோதுதான் செம்பியன் அந்த வார்த்தையைச் சொன்னான்.

"போன வருஷம் வேற ஒரு ஊருல போட்டிருந்தோம் ஐயா. பன்னி பூந்து மொத்தத்தையும் அழிச்சிடுச்சி. அதோட அங்க வேலைய நிறுத்திட்டோம். வயலு கெட்டுப்போச்சின்னா எங்களுக்கு அங்க என்னா வேலை இருக்கு, சொல்லுங்க?"

அவன் பேச்சோடு பேச்சாகச் சொன்னது அது. வைத்திலிங்கம் அதை நெஞ்சில் முடிந்து வைத்துக்கொண்டார்.

பங்குனிக் கடைசியில், ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம், கோடைமழை வந்தது. மழையைவிடக் காற்றுதான் அதிகம். மறுநாள் விடிந்ததும் வைத்திலிங்கம் வயலுக்கு ஓடினார். முக்கால் அடித் துண்டு நின்றது. அரை அடித் துண்டில் ஓரமாக நாலைந்து செடி சாய்ந்திருந்தது, அவ்வளவுதான். கால் அடித் துண்டோ பாய் விரித்த மாதிரி ஒரே பக்கமாகப் படுத்துக் கிடந்தது.

நாற்பது வருடம் மண்ணைக் கிண்டியவருக்குக் காரணம் புரியாமல் இல்லை. ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு வெளிச்சத்துக்காக மேலே மேலே ஓடிய செடிகள். தண்டு விரல் பருமன்கூட இல்லை. கீழ் இலைகள் வெயில் படாமல் பழுத்துத் தொங்கின. பத்துச் செடியில் ஒன்றிரண்டு கதிர் பிடித்திருந்தால் அதிகம். காற்று அடித்தால் விழாமல் என்ன செய்யும்?

ஆனால் அவர் மனசு பயிர் ஏன் விழுந்தது என்று யோசிக்கவில்லை. நாளைக்கு அந்தத் தம்பி வந்து இதைப் பார்ப்பான், வயல் கெட்டுப்போச்சு என்பான், அளவுகோலை மடக்கிக்கொண்டு போய்விடுவான் என்றுதான் யோசித்தது. அடுத்த வியாழக்கிழமை யாரும் வரமாட்டார்கள். அதற்கடுத்த வியாழக்கிழமையும்தான்.

புதன்கிழமை முழுக்க அவர் வயலை விட்டு வரப்பேறவில்லை. கால் அடித் துண்டில் சாய்ந்த செடிகளை ஒவ்வொன்றாகத் தூக்கி, ஈர மண்ணை அடியில் அணைத்து மிதித்தார். நாலைந்து செடிகளைச் சேர்த்து வாழை நாரால் கட்டி நிறுத்தினார். ஒடிந்ததை அறுத்து மாட்டுக்குப் போட்டார். பழுத்த இலையையெல்லாம் உருவி எடுத்தார். இடுப்பு விட்டுப்போயிற்று. மறுநாள் விடிந்ததும் போய் நார்க் கட்டுகளை அவிழ்த்துப் பார்த்தார். மண் இறுகிச் செடிகள் எப்படியோ நின்றன.

செம்பியன் வந்தவன் வண்டியை நிறுத்துவதற்கு முன்பே குரல் கொடுத்தான். "காத்து அடிச்ச அடியில நான் பயந்தே பூட்டேன் ஐயா. பயிரு ஒண்ணும் ஆவலையே?"

"ஒண்ணும் ஆவல தம்பி."

"நெருக்கத்துல கூடவா?"

"நீயே வந்து பாரு."

பார்த்தான். அவன் முகம் மலர்ந்துவிட்டது. குனிந்து ஒரு தண்டைத் தொட்டுப் பார்த்து, "அடியில வளைஞ்சாப்ல இருக்கே?" என்றான்.

"நம்ம மண்ணு அப்படி" என்றார் வைத்திலிங்கம். அவர் குரல் அவருக்கே புதிதாக இருந்தது.

ஒரு பொய்யைக் காப்பாற்ற அடுத்தடுத்து வேலை செய்யவேண்டியிருந்தது. அன்றிலிருந்து புதன்கிழமைதோறும் பழுத்த இலை உருவுவதும், தலை சாய்க்கிற செடிக்கு மண் அணைப்பதும் அவருக்கு வாடிக்கையாகிவிட்டது. வியாழன் வந்தது, செம்பியன் வந்தான், டீ ஆயிற்று, பேச்சு ஆயிற்று. அவர் ஏமாற்றுகிறோம் என்று நினைக்கவில்லை. ஒரு நல்ல பிள்ளையைச் சந்தோஷப்படுத்துகிறோம் என்று நினைத்துக்கொண்டார். மனுஷனுக்குத் தன் காரியத்தை நல்லதாக நினைத்துக்கொள்ள அதிக நேரம் பிடிப்பதில்லை.

கதிரில் பால் பிடிக்கிற பருவத்தில், சித்திரையில், அறுத்து எடை போட்டார்கள். சொசைட்டிக்காரர்கள் பத்துப் பதினைந்து பேர் வேடிக்கை பார்க்க வந்திருந்தார்கள். கால் அடித் துண்டுதான் எடையில் முதல். கதிர் குறைவு என்பதைச் செம்பியன் மறைக்கவில்லை. இருந்தாலும் பச்சைத் தீவனம் ஜாஸ்தி, பயிரும் காற்றுக்குச் சாயவில்லை, ஆகவே நெருக்கியே விதைக்கலாம் போலிருக்கிறது, மேலதிகாரிகளைக் கேட்டுவிட்டு அடுத்த வியாழன் விதையோடு வந்து முடிவாகச் சொல்கிறேன் என்றான்.

பட்டம்மாள் அங்கேயே தீர்மானித்துவிட்டாள். அவள் புருஷன் இல்லாதவள். குத்தகைக்கு எடுத்த அரை ஏக்கரும் இரண்டு கறவை மாடும்தான் அவள் குடும்பத்துக்குச் சோறு போட்டன.

"இந்த வாட்டி எள்ளு வேணாம். அரை ஏக்கரும் மக்காச்சோளந்தான், மொத்தமும் கால் அடிக்கே போட்டுடறேன். மாமா வயல்ல அந்தக் காத்துக்கே நின்னுச்சே, எனக்கு நிக்காதா?" என்றாள்.

வைத்திலிங்கம் தலையை மட்டும் ஆட்டினார், மாடு ஆட்டுகிற மாதிரி.

அந்த வாரம் அவருக்குச் சோறு இறங்கவில்லை. ஆடிக்காற்று வரப்போகிறது. பட்டம்மாள் பயிர் விழும். அரை ஏக்கர் விழுந்தால் அவள் ஒருத்தியால் தூக்கி நிறுத்த முடியுமா? சேற்றில் கிடந்து அழுகின தீவனத்தை எந்த மாடு தொடும்? இரண்டு மாடும் வற்றிப்போனால் அவள் யாரிடம் போய் நிற்பாள்? சொல்லிவிடலாம். சொன்னால் அந்தப் பையன் முகத்தில் விழிக்க முடியாது. சொல்லாவிட்டால் பட்டம்மாள் முகத்தில் விழிக்க முடியாது. டிவியில் அது பாட்டுக்கு யாரோ யாரையோ திட்டிக்கொண்டிருந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மகன் போன் வந்தது.

"வேற ஒண்ணுமில்லியேப்பா?"

"இருக்குடா. ஒண்ணு கேக்கணும். நம்ம வயல்ல ஒரு தப்பு பண்ணிட்டேன்..."

"வயலா? அதான் குத்தகைக்கு வுட்டுருங்கன்னு எத்தினி வாட்டி சொல்றேன். இந்த வயசுல உங்களுக்கு எதுக்குப்பா அது? இருங்க, டாக்டர் கூப்புடுறாரு, குட்டிக்கு ஊசி போட வந்திருக்கோம். வச்சிடவா?"

"வச்சிடுப்பா. புள்ளைய பாரு."

மகன் பேரில் அவருக்குக் கோபம் வரவில்லை. குழந்தைக்கு ஊசி போடும்போது அப்பனின் மக்காச்சோளக் கதையை எவன் கேட்பான்? கோபம் வந்திருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும், கொஞ்ச நேரம் அதோடாவது இருந்திருக்கலாம்.

வியாழக்கிழமை மோட்டார் கொட்டகைப் பக்கம் கூட்டம் கூடியது. செம்பியன் விதைப் பைகளை இறக்கி வைத்திருந்தான். பட்டம்மாள் பை வாங்க முதல் ஆளாக முன்னால் வந்தாள். அவன் பையைத் தூக்கி அவள் கையில் கொடுக்கப் போனபோது வைத்திலிங்கம் எழுந்து நின்றார்.

"தம்பி, அத குடுக்காத."

எல்லோரும் திரும்பினார்கள்.

"கால் அடி நிக்கல. அந்தக் காத்துக்கு மொத்தமும் வுழுந்துடுச்சி. அரை அடியில நாலஞ்சி செடிக்கு மேல சாயல, அத நான் தொடவுமில்ல. கால் அடிய நாந்தான் ஒரு நாளெல்லாம் தூக்கி நிறுத்தினேன். பழுத்த எலைய பூரா நாந்தான் உருவினேன். அந்த எடை, அந்தப் பச்ச எல்லாம் என் கையால நின்னது. பயிரு தானா நிக்கல. பட்டம்மா, நீ அத போடாத."

செம்பியன் பையைக் கீழே வைத்தான். அவன் முகம் சிவந்துவிட்டது.

"ஏன் ஐயா இப்பிடிப் பண்ணீங்க? வுழுதா நிக்குதான்னு பாக்கத்தான போட்டதே! வுழுந்ததுதான் ஐயா எங்களுக்கு வேண்டிய பதிலு. அத போயி மறைச்சி வச்சிட்டீங்களே. இத நம்பி இத்தினி பேரு விதைச்சிருந்தாங்கன்னா?"

"வயலு கெட்டுப்போச்சின்னா வேலை இல்லன்னு நீ சொன்னியே தம்பி..."

"அது பன்னி பூந்த வயலு ஐயா, அளக்க அங்க ஒண்ணும் மிஞ்சல! இது அதுவா?" அவன் குரல் உடைந்தது. "உங்கள நான் எங்க அப்பா மாதிரி நெனச்சேன்."

கூட்டத்தில் நின்ற ராஜவேல் பால் வேன் ஓட்டுகிறவன். அவன் சிரித்தான். "வயசான காலத்துல பெரியவருக்கு வெளைச்சலுக்குப் பரிசு வாங்குற ஆசை வந்துட்டாப்ல இருக்கு" என்றான். இரண்டு பேர் கூடச் சேர்ந்து சிரித்தார்கள்.

பட்டம்மாள் சிரிக்கவில்லை. அவள் நேராக வைத்திலிங்கத்தின் முன்னால் வந்து நின்றாள்.

"எதுக்கு மாமா செஞ்சீங்க? எங்கிட்ட சொல்லுங்க. உங்களுக்கு அதுல என்னா லாபம்?"

வைத்திலிங்கம் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். அப்புறம் துண்டை எடுத்துவிட்டுச் சொன்னார்.

"லாபம் ஒண்ணுமில்லம்மா. பயிரு நின்னாத்தான் தம்பி வரும்னு நெனச்சேன். வியாழக்கிழமையானா ஒரு ஆளு வந்து, ஐயா எப்பிடி இருக்கீங்கன்னு கேக்குது. நான் சொல்றத உக்காந்து கேக்குது. அது நின்னுபோயிடுமேன்னுதான். வேற ஒண்ணுமில்ல."

ராஜவேல் வேறு பக்கம் பார்த்தான். கண்ணெதிரே ஒரு பெரிய மனுஷன் இப்படி நிற்பதைப் பார்க்க யாருக்கும் தைரியம் வரவில்லை.

செம்பியன் விதைப் பையை ஒரு பக்கமாக நகர்த்தி வைத்தான். பிறகு கூட்டத்தைப் பார்த்துப் பேசினான். பேச்சு அவன் தொழிலுக்குத் திரும்பியது, அது அவனுக்குச் சுலபமாக இருந்தது.

"எல்லாரும் கேட்டுக்குங்க. சோளம் மாதிரி மக்காச்சோளத்த நெருக்காதீங்க. நெருக்கினா தண்டு நோஞ்சானா பூடும், கீழ் எல பழுத்துடும், கதிரு புடிக்காது. கதிருலதான் சத்தே. காத்து அடிச்சா தரையில கெடக்கும். அரை அடி வுட்ட துண்டு தானா நின்னுச்சி, அத யாரும் தூக்கி நிறுத்தல. அப்ப அரை அடி வுடுங்க. கால் அடிக்கு வாங்க நெனச்ச வெதையில பாதி போதும்."

பட்டம்மாள் பையைத் திறந்து பாதியை எடுத்துக்கொண்டாள்.

செம்பியன் வைத்திலிங்கத்திடம் வந்தான். "ஐயா, இந்த வயல் கணக்க நான் மேல காட்ட முடியாது. மறுபடியும் மொதல்லேந்து போடணும். இங்க போட விடமாட்டாங்க. பட்டம்மா அக்கா ஒத்துக்கிட்டா அவுங்க நெலத்துலதான்."

"தெரியும் தம்பி" என்றார் வைத்திலிங்கம். இது வரும் என்று தெரிந்துதான் அவர் எழுந்து நின்றார். தெரிந்திருந்தும் வலித்தது.

செம்பியன் போகத் திரும்பியவன் நின்றான். "எங்க அம்மா குடிகாட்டுல தனியாத்தான் இருக்காங்க. கடலூரு இங்கேருந்து ஒரு பஸ்சு. பொங்கலுக்குப் போனவன், அப்புறம் போகவேயில்ல" என்றான். யாரிடம் சொன்னான் என்று தெரியவில்லை. வண்டியைக் கிளப்பினான். சிதம்பரம் போகும் பக்கம் திரும்பாமல், கடலூர் போகும் பக்கம் திரும்பினான்.

கூட்டம் கலையப் பார்த்தது. பட்டம்மாள் விடவில்லை.

"எங்க போறீங்க? நில்லுங்க எல்லாரும்" என்றாள். குரல் கரகரத்தது. "நான் மாமா வூட்டுக்கு நாலு வூடு தள்ளி இருக்கேன். தெனம் சொசைட்டியில பாக்கறேன். சௌந்தரம் அக்கா செத்தப்புறம் அந்த வூட்டு வாசப்படிய ஒரு நாளு நான் மிதிக்கல. அவருக்கென்னா கொறைன்னு நெனச்சேன். நீங்களும் அதத்தான் நெனச்சீங்க. அவரு புள்ள பணம் அனுப்பிட்டு அதத்தான் நெனக்கிறான். தப்பு செஞ்சது அவரு மட்டுமில்ல. மாட்டுக்குத் தீவனம் பத்தலன்னா அது கத்தி ஊரக் கூட்டிடும். மனுசனுக்கு மனுசன் இல்லன்னா அவன் கத்தமாட்டான், வேற ஒண்ணுமில்லன்னுதான் சொல்லுவான். அந்தப் பேச்ச நம்பிட்டுப் போவாதீங்க. வூடு தேடிப்போயி, உள்ள உக்காந்து, நாமதான் கேக்கணும்."